ஏழாம் தளத்துக் குளம்

போன மாசி மாதம் என் வீட்டுக்காரர் சித்தூரில் எங்கள் தெருமுனை வேகத்தடையில் ஸ்கூட்டரோடு சாய்ந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டார். எங்கள் பக்கத்தில் எலும்பு முறிந்தால் யோசிக்க ஒன்றும் இல்லை, நேராகப் புத்தூருக்குப் போய்க் கட்டுப் போட்டுக்கொண்டு வருவோம். பச்சிலையும் முட்டை வெள்ளைக்கருவும் தடவி, மூங்கில் சிம்பு வைத்துக் கட்டிய கையை நெஞ்சோடு அணைத்தபடி, திரும்பி வரும் பஸ்ஸில் அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். அவர் இன்ஜினியரிங் கல்லூரி ஒன்றில் கம்ப்யூட்டர் பாடம் நடத்துகிறவர். போர்டில் எழுத முடியாது, கீபோர்டில் தட்ட முடியாது என்றதும் லீவு போட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்தார். சும்மா உட்கார்ந்து பழக்கமில்லாத மனிதர். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்ப்பார். நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பும்போதும் அதே கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

ஜெர்மனியில் படிக்கும் எங்கள் மகள் வீடியோவில் அவரைப் பார்த்தாள்.

"இன்னா நைனா, மூஞ்சத் தொங்கப் போட்டுக்கினு கீற?"

"கை வலிக்குது."

"கை வலிச்சா மூஞ்சி இப்படி இருக்காது. அம்மா, லேப்டாப்ப எடுத்துக் கட்டில் மேல வையி. ஒண்ணு வாங்கி அனுப்பறேன்."

அங்கிருந்தே என்னென்னவோ அழுத்தச் சொன்னாள். நெடுநேரம் ஏதோ இறங்கிக்கொண்டிருந்தது. பிறகு திரை கறுத்து, இருட்டுக்குள்ளிருந்து ஒரு கிடார் தந்தி மெல்ல ஒலித்தது. ஜன்னலோரம் நின்றவர் திரும்பிப் பார்த்தார். நான் கையிலிருந்த கீரைக்கட்டைக் கீழே வைத்தேன்.

"உங்க காலத்து கேம்தானே?" என்றாள் மகள். "புதுசா பளபளன்னு மாத்திப் போட்டுக்கீறாங்க. ரெண்டு பேரும் ஆடுங்க."

அந்த விளையாட்டு எங்கள் மகளுக்குக் குடும்பக் கதை. அம்மாவும் நைனாவும் கல்யாணமான புதிதில் ஒருவரோடொருவர் பேசக் கற்றுக்கொண்டதே அதில்தான் என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவள்.

தெரியாதவர்களுக்கு அதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு சின்ன ஊர். அங்கே எப்போதும் அந்திப் பொழுதுதான், விடிவதே இல்லை. ஒரு கொல்லர், ஒரு வைத்தியர், ஒரு கிணறு, இடிந்த கோயில் ஒன்று. கோயிலுக்கு அடியில் படிக்கட்டு இறங்குகிறது. இறங்கினால் ஒரு தளம், அதற்குக் கீழே இன்னொன்று, அப்படியே பாதாளம் வரை. நம் ஆளைச் சுற்றிக் கொஞ்சம் வெளிச்சம் விழும், மற்றதெல்லாம் இருட்டு. எலும்புக்கூடுகள் எழுந்து வரும். அடித்துச் சாய்த்தால் கத்தியோ காசோ மருந்துக் குப்பியோ சிதறும். சிவப்புக் குப்பி குடித்தால் உயிர் ஏறும், நீலத்தைக் குடித்தால் மந்திரசக்தி ஏறும். முடியாமல் போனால் ஒரு சுருளைப் படிக்கலாம். உடனே ஊருக்கு வழி திறக்கும், மேலே வந்துவிடலாம். ஊரில் எதுவும் நம்மைத் தாக்காது. கடைசித் தளத்தில் உட்கார்ந்திருக்கும் அசுரனைக் கொன்றால் ஊருக்குப் பொழுது விடியும். இதில் ஒரு விசேஷம் உண்டு. ஒவ்வொரு முறை புதிதாகத் தொடங்கும்போதும் தளங்களின் அறைகளெல்லாம் இடம் மாறிவிடும். நான் நடந்த பாதாளத்தில் நீங்கள் நடக்க முடியாது. உங்களுக்கு வேறொன்று கிடைக்கும்.

எங்கள் கல்யாணம் நாராயணவனம் கோயிலில் நடந்தது. நான் அதற்குப் பக்கத்துக் கிராமம், அவர் கார்வேட்டிநகரத்துக்கு அப்பால் ஒரு கிராமம். இரண்டு பக்கமும் விவசாயக் குடும்பம். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, காலேஜில் இங்கிலீஷ் என்று வளர்ந்தவர்கள். பெண் பார்க்க வந்த அன்று அவர் என்னிடம் கேட்டது, "மேத்ஸா, பிசிக்ஸா?" நான் சொன்னது, "மேத்ஸ்." தாலி கட்டும் வரை அதற்கு மேல் பேசியதில்லை. கட்டிய பிறகும் பெரிதாகப் பேச்சு வந்துவிடவில்லை.

எல்லோரும் கம்ப்யூட்டர் படித்துக்கொண்டிருந்த காலம் அது. திருப்பதியில் தெருவுக்கொரு கம்ப்யூட்டர் சென்டர் முளைத்திருந்தது. இரண்டாயிரம் பிறந்ததும் உலகத்துக் கம்ப்யூட்டர்களெல்லாம் தேதி தெரியாமல் குழம்பி நின்றுவிடும், அதைச் சரி செய்ய ஆள் போதவில்லை, அமெரிக்காக்காரன் கையை நீட்டிக் கூப்பிடுகிறான் என்று டீக்கடையில்கூடப் பேசினார்கள். மலைக்கு வருகிற கூட்டத்தில் பாதி விசாவுக்கு வேண்டிக்கொண்டு வருகிறது என்று நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டுக்கார அம்மாள் சொல்வாள். இவரும் ஒரு சென்டரில் பாடம் நடத்திக்கொண்டு, ஹைதராபாத் ஏஜெண்டிடம் பேப்பர்களைக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தார். ரயில் பாதையோரம் இரண்டு அறை கொண்ட ஒரு போர்ஷனில் குடியிருந்தோம். ரயில் போகும்போது பாத்திரங்கள் அதிரும். அந்தச் சத்தம் எனக்கு ஒரு வகையில் ஆறுதலாக இருந்தது. அது ஓய்ந்ததும் வீட்டில் வேறு சத்தமே இருக்காது.

"துன்னீங்களா?"

"துன்ட்டேன். நீ?"

"இனிமேதான்."

அவ்வளவுதான் எங்கள் தாம்பத்தியம்.

ஒரு நாள் மெட்ராஸ் போய் ரிச்சி தெருவில் கம்ப்யூட்டருக்கு வேண்டிய சாமான்களைத் தனித்தனியாக வாங்கி, வேட்டியில் சுற்றி, ரயிலில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தரையில் பேப்பர் விரித்துப் பூட்டினார். படம் வந்ததும் சென்டரில் யாரோ கொடுத்த சிடியைப் போட்டார். நான் சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் கம்ப்யூட்டருக்குள்ளிருந்து ஒருவன் அலறினான். மறுபடி தொடங்கினார். மறுபடி அலறல். ஒரு கையில் மவுஸைப் பிடித்துக் கத்தி வீசும்போது இன்னொரு கை குப்பி பொத்தானைத் தேட வேண்டும். அவருக்குக் கை இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துழைக்கவில்லை.

திரும்பாமலேயே சொன்னார். "கொஞ்சம் வந்து உக்காரேன்."

பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"இந்தச் செவப்பு உருண்டை கீது பாரு, அது கொறைஞ்சுக்கினே வரும். பாதிக்குக் கீழ போச்சுன்னா ஒண்ணாம் நம்பர அமுக்கு. அவ்ளோதான் உன் வேலை."

"நீலத்துக்கு?"

"ரெண்டு. அது அப்பால பாத்துக்கலாம்."

இறங்கினார். எலும்புக்கூடுகள் ஒரு கதவுக்குப் பின்னாலிருந்து திமுதிமுவென்று வந்தன. நான் அதைப் பார்த்துக்கொண்டே விரலை மறந்துபோனேன். அலறல்.

"செத்துட்டீங்க" என்றேன்.

சொன்ன பிறகுதான் உறைத்தது. தாலி ஏறி ஒரு மாதம் ஆகாத பெண் புருஷனைப் பார்த்துச் சொல்லக்கூடிய வார்த்தையா? வாயைப் பொத்திக்கொண்டேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். அவர் சிரித்து அப்போதுதான் முதல் முறையாகப் பார்த்தேன், மேல் வரிசையில் ஒரு பல் கொஞ்சம் ஏறியிருக்கும். பயம் போய் நானும் சிரித்தேன். வீட்டுக்கார அம்மாள் கதவைத் தட்டி, "ஏமாயிந்தி?" என்று தெலுங்கில் என்ன ஆயிற்று என்று கேட்கும் வரை சிரித்தோம்.

அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம் அவர் சென்டரிலிருந்து வந்ததும் இறங்குவோம். என் விரல் தேர்ந்துவிட்டது. உருண்டையைப் பார்க்காமல் அவர் மூச்சை வைத்தே எப்போது அழுத்த வேண்டும் என்று தெரிந்துகொண்டேன். அவருக்கு உயிர் குறையும்போது அவர் மூச்சைப் பிடித்துக்கொள்வார். கொல்லரிடம் கத்தியைச் சரி செய்யக் கொடுத்துவிட்டு ஊருக்குள் நிற்கும் நேரத்தில்தான் பேச்சு வரும். அங்கே அடிக்க எதுவும் வராது. பாட்டு மெல்ல ஓடிக்கொண்டிருக்கும். அப்படி நின்றபோதுதான் அவர் தன் நைனா கிணற்று மோட்டார் ஷாக்கடித்துச் செத்ததைச் சொன்னார். நான் எம்.எஸ்ஸி. படிக்க ஆசைப்பட்டதைச் சொன்னேன். "அமெரிக்கான்னா உனுக்கு பயமா கீதா?" என்று கேட்டார். "எனக்கு இன்னா பயம், போறது நீங்கதானே" என்றேன். அவர் திரையைப் பார்த்துக்கொண்டே, "எனக்கு பயமாத்தான் கீது" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே நான் அவரோடு எங்கே வேண்டுமானாலும் இறங்கியிருப்பேன்.

விசா வந்தது. நாங்கள் நாலாம் தளத்தைத் தாண்டியிருக்கவில்லை. மீனம்பாக்கத்தில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் பெட்டியைத் தள்ளிக்கொண்டு போவதை நானும் என் மாமியாரும் பார்த்துக்கொண்டு நின்றோம். வரும் வழியெல்லாம் ஜீப்பில் அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். எனக்கு விசா வருகிற வரை கிராமத்தில் அத்தையோடு இருப்பது என்று பேச்சு. கம்ப்யூட்டரும் ஷேர் ஆட்டோவில் என்னோடு கிராமத்துக்கு வந்தது.

அத்தை கரும்பு வெட்டியும் மாந்தோப்பில் காய் இறக்கப் போயும் ஒற்றை ஆளாக மகனைப் படிக்க வைத்தவள். அவளுக்கு அந்தப் பெட்டிமேல் முதலில் சந்தேகம். பிறகு வேலை முடித்து வந்து சுவரில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டு பார்க்கத் தொடங்கினாள். நான் இப்போது இரண்டு வேலையும் ஒருத்தியாகப் பார்த்துக்கொண்டு, வில் பிடித்த ஒரு பெண்ணை வைத்து ஆடிக்கொண்டிருந்தேன்.

"இவ இன்னாத்துக்கு ஒண்டியா எறங்குறா?" என்று கேட்டாள் அத்தை. "மேல கீறானுங்களே அத்தினி ஆம்பளைங்க, சும்மாத்தானே நிக்கிறானுங்க?"

"அவங்க ஊரப் பாத்துக்கறாங்க அத்தை."

"பாத்துக் கிழிச்சானுங்க." கொஞ்ச நேரம் கழித்து, "அவ துன்னவே மாட்டாளா?"

"செவப்பு மருந்து குடிப்பா."

"வெறும் மருந்துல எப்படி ஒடம்பு நிக்கும்" என்று நிஜமாகவே வருத்தப்பட்டாள். ஆயுதபூஜையன்று அரிவாள், கடப்பாரை வரிசையில் கம்ப்யூட்டரையும் வைத்துப் பொட்டு வைத்தவள் அவள்தான்.

கிராமத்தில் கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று சொல்ல முடியாது. போனால் அதுவரை ஆடியதெல்லாம் போச்சு. அதனால் நான் படிக்கட்டைப் பார்க்கும் போதெல்லாம் சேமித்துக்கொண்டு, ஆமை மாதிரி இறங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அத்தையும் நானும் பஸ் பிடித்துக் கார்வேட்டிநகரம் போவோம். பஸ் நிற்கும் இடத்திலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் ஒரு எஸ்.டி.டி. பூத், அங்கே அவர் கூப்பிடுவார். அங்கே அவருக்குச் சனிக்கிழமை இரவு. முதலில் அத்தை பேசுவாள். கத்திப் பேசுவாள், அமெரிக்கா தூரம் என்பதால். பிறகு நான். பூத்துக்காரர் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். கண்ணாடிக் கதவுக்கு வெளியே இன்னும் யாராவது நிற்பார்கள். "எப்படி கீறீங்க" என்பதற்கு மேல் எதைப் பேசுவது? அதனால் நாங்கள் பாதாளத்தைப் பேசினோம். அங்கே ஒரு கூட்டாளியின் கம்ப்யூட்டரில் அவரும் ஆடுவதாகச் சொன்னார். பூத்துக்காரருக்கு நாங்கள் ஏதோ ரகசியக் குழூஉக்குறியில் பேசுவதாக எண்ணம்.

"எத்தினியாவது தளம்?"

"அஞ்சு. நீங்க?"

"ஏழு. இங்க ஒரு எடம் கீது பாரு, நீ நம்பமாட்ட. பெரிய கொளம். நாலு பக்கமும் கல்லுப் படி. தண்ணி அடியில, கறுப்பா. படிக்கு நடுவுல நடுவுல செல செதுக்கி வெச்சுக்கீறான்."

"பேய் வருதா?"

"வரல. அதான் ஆச்சரியம். கடைசிப் படியில ஒரு பொம்பள தண்ணியில கால விட்டுக்கினு உக்காந்துக்கினு கீறா. கிளிக் பண்ணா திரும்ப மாட்டா, பேசவும் மாட்டா. நானும் அங்கயே நின்னுக்கினு இருந்தேன்."

நான் ஏழாம் தளத்துக்கு வந்ததும் மூலை முடுக்கெல்லாம் தேடினேன். குளம் இல்லை. அடுத்த ஞாயிறு, "எனக்கு அந்தக் கொளம் கெடைக்கல" என்றேன். "அறை மாறும் இல்ல, உனுக்கு வேற எதுனா வரும்" என்றார். அது நியாயம்தான் என்று எனக்கும் பட்டது. ஆனாலும் அந்த இடத்தை நான் பார்க்காதது எனக்குக் குறையாகவே இருந்தது. அடுப்பில் உலை வைத்துவிட்டு அந்தப் பெண்ணைப் பற்றி யோசித்துக்கொண்டிருப்பேன்.

அதற்குப் பிறகு அவர் மளமளவென்று இறங்கினார். ஒன்பது என்றார். பத்து என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு என்றார். எனக்குள் ஏதோ கணக்கு இடித்தது. மத்தியானமெல்லாம் சும்மா இருக்கும் நானே எட்டில் தடுமாறுகிறேன். காலையில் போய் இருட்டி வீட்டுக்கு வருவதாகச் சொல்லும் மனிதர் எப்படிப் பன்னிரண்டில் நிற்கிறார்? அந்தச் சமயம் பேப்பரில் அமெரிக்காவில் கம்பெனிகள் மூடுவதாகப் போட்டுக்கொண்டிருந்தார்கள். போனவர்களில் பாதிப் பேர் வேலையில்லாமல் இருக்கிறார்கள் என்று பஸ்ஸில் ஒருவர் சொல்லிக்கொண்டு வந்தார்.

"நீங்க வேலைக்குப் போறீங்களா?" என்று கேட்டேன்.

கண்ணாடிக்கு வெளியே அத்தை பையை மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தாள்.

"ரெண்டு மாசமாச்சு" என்றார். "அம்மாகிட்ட சொல்லாத."

"துன்றீங்களா?"

"ம்."

பூத்துக்காரர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அழுதால் தெரிந்துவிடும். அத்தைக்கும் தெரிந்துவிடும். அதனால் எப்போதும் பேசுகிற மாதிரியே பேசினேன்.

"ஊருக்கு வழி தொறக்கற சுருளு ஒண்ணு கீதில்ல? அது உங்க பையில கீதா?"

"கீது."

"அதப் படிச்சுட்டு மேல வாங்க."

"எல்லாரும் இன்னா சொல்லுவாங்க?"

"இன்னா சொல்லப் போறாங்க? ஊர்ல யாரும் அடிக்க மாட்டாங்க. வாங்க."

அவர் அழுதாரா சிரித்தாரா என்று இப்போதும் எனக்குத் தெரியாது. வெளியே வந்ததும் அத்தை, "இன்னா சொன்னான்?" என்றாள். "வரேன்னு சொன்னார்" என்றேன். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் பொட்டலத்தைப் பிரித்து எனக்கு வேர்க்கடலை கொடுத்தாள்.

அவர் வந்தபோது மா பூத்திருந்தது. அத்தை அவரை ஏற இறங்கப் பார்த்து, "எளச்சுட்ட" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சோறு போட்டாள். ஊரில் கொஞ்ச நாள் "லீவா?" என்று கேட்டார்கள், பிறகு விட்டுவிட்டார்கள். அப்போது புத்தூர், திருப்பதிப் பக்கமெல்லாம் இன்ஜினியரிங் கல்லூரிகள் வந்துகொண்டிருந்தன. ஒன்றில் வேலை கிடைத்தது, பிறகு சித்தூருக்கு வந்தோம். நான் தபாலில் எம்.எஸ்ஸி. முடித்துப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தேன். அந்தக் கம்ப்யூட்டர் மகள் பிறந்த சமயத்தில் கெட்டுப் போய்ப் பழைய சாமானுக்குப் போயிற்று. திரும்பி வந்த பிறகு அவர் அந்த விளையாட்டைத் தொடவே இல்லை. நானும் கேட்கவில்லை. அமெரிக்காவில் அவர் இருந்த கடைசி மாதங்களைப் பற்றி எங்களுக்குள் பேச்சு எழுந்ததில்லை. மகளுக்குச் சொல்லும் கதையும் திருப்பதி போர்ஷனோடு நின்றுவிடும்.

இப்போது சித்தூரில், கட்டில் மேல் லேப்டாப்பை வைத்து, நான் மவுஸைப் பிடித்தேன். அவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து இடது கையால் குப்பிகளைப் பார்த்துக்கொண்டார். எனக்கு இருட்டில் கண் சரியாகத் தெரியவில்லை, மூக்குக் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தேன். புதிய படம் அழகாகத்தான் இருந்தது. கல்லில் ஈரம் தெரிந்தது, நெருப்பில் புகை தெரிந்தது. ஒரு பொத்தானை அழுத்தினால் அந்தக் காலத்துப் படமாகவே மாறும் என்று மகள் சொல்லியிருந்தாள். அழுத்திப் பார்த்தோம். சதுரம் சதுரமாக, மங்கலாக, பொம்மை மாதிரி ஏதோ அசைந்தது.

"இப்படியா இருந்துச்சு?" என்றார் அவர்.

"இல்லியே. இதவிட நல்லாத்தானே இருந்துச்சு."

இத்தனை வருஷமாக எங்களுக்குத் தெரியாமல் நாங்களே அதைத் துடைத்து மெருகேற்றி வைத்திருந்தோம் போலிருக்கிறது. மறுபடி பொத்தானை அழுத்திப் புதியதற்கே வந்துவிட்டோம்.

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஆட ஆரம்பித்தோம். ஜன்னல் கம்பியை அவர் மறந்தார். "லெஃப்ட்ல கதவு, லெஃப்ட்ல கதவு" என்று உயிரை வாங்குவார். "நீங்க கம்முனு குப்பியப் பாருங்க" என்பேன். ஏழாம் தளத்தில் இறங்கிய அன்று நான் விளையாட்டாகக் கேட்டேன்.

"உங்க கொளம் எங்க?"

நான் ஒரு அறையைக் காலி செய்துவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தக் கொளம் கேம்ல இல்லமே" என்றார். "அது நம்ம கார்வேட்டிநகரம் கொளம். கோயில் கொளம்."

நான் மவுஸை விட்டுவிட்டேன்.

மெதுவாகச் சொன்னார். வேலை போன பிறகு ஏஜெண்ட் ஏற்பாடு செய்த வீட்டில் ஆறேழு பேர் தரையில் படுத்துக் கிடந்தார்களாம். எல்லோரும் நம் பக்கத்துப் பையன்கள். ஒருவனிடம்தான் கம்ப்யூட்டர் இருந்தது. மற்றவர்கள் மாற்றி மாற்றி ஆடுவார்கள். கூப்பிட்டும் இவருக்கு ஆடக் கை வரவில்லை. பகலில் லைப்ரரியில் போய் உட்கார்ந்திருப்பார். சனிக்கிழமை இரவு எனக்குச் சொல்ல ஏதாவது வேண்டுமே என்று நடந்து வரும் வழியில் யோசித்து வைத்துக்கொள்வாராம்.

"அப்போ நீங்க ஆடவே இல்லியா?"

"இல்ல."

"பன்னெண்டாவது தளம்?"

"கீழ போயிக்கினே கீறேன்னு யார்கிட்டயாச்சும் சொல்லணும்னு இருந்துச்சு."

ரயிலோ பஸ்ஸோ ஏதாவது போய் அந்த அறையை அதிர வைத்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. ஒன்றும் போகவில்லை.

"அந்தப் பொம்பள?" என்று கேட்டேன்.

"அம்மாதான். கரும்பு வெட்டிட்டு வரப்ப என்னைக் கூட்டிக்கினு அங்க எறங்குவா. தண்ணியில கால விட்டுக்கினு கொஞ்ச நேரம் உக்காருவா. அப்போ நான் கூப்பிட்டாக்கூடத் திரும்ப மாட்டா. நானும் கூப்பிட மாட்டேன்."

அத்தை போய் வருஷங்கள் ஆகிவிட்டன. அந்த பூத்துக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் அவளோடு எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் அந்தக் குளத்தைத் தாண்டிப் போயிருக்கிறேன்! போனில் அவர் படி படியாகச் சொல்லச் சொல்ல, அவர் சொன்ன படிகள் அங்கிருந்து கூப்பிடு தூரத்தில்தான் இருந்திருக்கின்றன. நான் பாதாளத்தில் தேடிக்கொண்டிருந்தேன். கோபம் வரவில்லை. ஏமாந்த உணர்வும் இல்லை. அந்தத் தேசத்தில் எங்கேயோ ஒரு ரோட்டோரத்தில் நடந்துகொண்டே, எனக்குச் சொல்வதற்காகத் தன் ஊர்க் குளத்தை ஒவ்வொரு படியாகக் கட்டிக்கொண்டு வந்த அந்த ஒல்லி மனிதரைப் போய்ப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. பக்கத்தில் இருந்தவர் கொஞ்சம் தொந்தியும் நரையுமாக இருந்தார். அவரைப் பிடித்துக்கொண்டேன்.

"கை, கை" என்று அலறினார். கட்டுப் போட்ட கையை மறந்துவிட்டேன்.

கட்டுப் பிரிப்பதற்கு முன் முடித்துவிட வேண்டும் என்று மகள் கெடு வைத்தாள். கடைசித் தளத்துக்கு வந்த சனிக்கிழமை சாயங்காலம் அவளும் வீடியோவில் சேர்ந்துகொண்டாள். போனை லேப்டாப்புக்குப் பக்கத்தில் செம்பில் சாய்த்து வைத்தோம். "அம்மா, பின்னால போ! நைனா, குப்பி, குப்பி!" என்று அங்கிருந்து கத்தினாள். பலமுறை செத்தோம். கடைசியில் அந்த அசுரன் எப்படி விழுந்தான் என்று எனக்கே தெரியாது, கண்ணை மூடிக்கொண்டு மவுஸை அழுத்திக்கொண்டிருந்தேன். ஊரில் பொழுது விடிந்தது. கொல்லரும் வைத்தியரும் வானத்தைப் பார்த்தார்கள். அரை நிமிஷம்கூட இல்லை, பெயர்கள் ஓட ஆரம்பித்துவிட்டன.

"இவ்ளோதானா?" என்றார் அவர்.

"இதுக்குத்தான் இத்தினி வருசமா?" என்று மகள் சிரித்தாள். சிரிப்பு ஓய்ந்த பிறகும் அவள் போனை வைக்கவில்லை. நான் காபி போட எழுந்தேன். பின்னால் அவர் குரல் கேட்டது.

"நீ எப்படி கீறேம்மா?"

"நல்லா கீறேன் நைனா."

"துன்னியா?"

"ம்."

சமையலறையில் நான் அப்படியே நின்றேன். அந்த 'ம்' எனக்குத் தெரியும்.

"சரி, ரூம சுத்திக் காட்டு" என்றார்.

"இன்னாத்துக்கு? குப்பையா கீது."

"பரவால்ல. குப்பையாவே காட்டு."

திரும்பி வந்து அவர் தோளுக்கு மேலே பார்த்தேன். அவள் தலைமுடியை ஒதுக்கிக்கொண்டாள். பிறகு போனைத் திருப்பினாள். மடிக்காத போர்வை. நாற்காலி மேல் குவிந்த துணி. ஜன்னலுக்கு வெளியே சாம்பல் நிற வானம், எதிர்க் கட்டடத்துச் சுவர். மேஜையில் வரிசையாகக் கழுவாத கப்புகள், பாதி தின்ற ரொட்டிப் பாக்கெட். குக்கர் மூடி திறந்து கிடந்தது, உள்ளே காய்ந்த சோறு.

"எப்போ வடிச்சது இது?" என்றேன்.

"வியாழக்கெழம." அவள் குரல் உடைந்தது. "நைனா, ரெண்டு பேப்பர் போச்சு. உங்ககிட்ட சொல்லல."

"சரி, இப்ப சொல்லிட்ட இல்ல" என்றார் அவர். "அழு, பரவால்ல. நாங்க இங்கதான் கீறோம்."

அவள் அழுது முடிக்கும் வரை நாங்கள் இருவரும் அந்தச் சின்னத் திரை முன்னால் உட்கார்ந்திருந்தோம். பிறகு நான் அவளை எழுப்பிக் கப்புகளைக் கழுவ வைத்தேன். குழாய்த் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. அவர் அரிசி எவ்வளவு வைத்திருக்கிறாள், பருப்பு இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தார். தக்காளி இருக்கிறது என்றாள். "அப்போ ரசம் வெச்சிடலாம்" என்று சொல்லி, புளி ஊறப் போடுவதிலிருந்து ஆரம்பித்தார்.